பாகூர் ஏரியில் தூண்டில் இழுத்தோம்

நாற்பது வயதைக் கடந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், மூக்குக் கண்ணாடியும் வேஷ்டியுமாக, தூண்டிற் கோலைத் தோளில் சாத்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏரிக்கரைமீது நடந்து போனால் ஊரார் என்னதான் நினைக்கமாட்டார்கள்? நம்மைப் பற்றி அவர்கள் நினைத்ததில் பாதியாவது நம் காதில் விழுந்துவிட்டது. "வாத்தியாருக்கு இன்னும் சம்பளம் வரவில்லை போலிருக்கிறது" என்றார், தேநீர்க் கடை வாசலில் நின்ற ஒருவர். "வந்தாலும் விரால் மீன் விற்கிற விலைக்குப் போதுமா?" என்றார் இன்னொருவர். ஒன்பதாம் வகுப்பில் நம்மிடம் பௌதிகம் படிக்கும் இரண்டு பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திவிட்டு, கோலையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"மீன் பிடிக்கப் போறீங்களா, சார்?"

"இல்லை, படிக்கப் போகிறோம்" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டோம்.

அந்தச் சமயத்துக்கு அது ஒரு சமாளிப்புத்தான். நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் அது வாஸ்தவமாகிவிடும் என்று நாம் கண்டோமா?

இந்த வம்பை நாமாகத் தேடிக்கொள்ளவில்லை. பல வருஷங்களுக்கு முன் நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது பிரான்ஸ் தேசத்தில் குடியிருக்கிறார். புதுச்சேரிப் பக்கத்துக் குடும்பங்களில் இது ஒன்றும் அதிசயமல்ல. தங்கை கல்யாணத்துக்காக வந்தவர், பழைய வாத்தியாரைப் பார்க்க வந்தபோது, நீளமான துணிப்பை ஒன்றைக் கொண்டுவந்து நம் திண்ணைமீது வைத்தார். பேனாவாக இருக்கும், சால்வையாக இருக்கும் என்று எண்ணியிருந்த நமக்கு, பையிலிருந்து வெளிவந்தது இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் ஒரு தூண்டிற் கோலும், நரம்பு சுற்றிய ஒரு ரீலும், பித்தளையில் கரண்டிக் கிண்ணம்போலக் குழித்த ஒரு தகடும், வர்ணம் தீட்டிய ஒரு மர மீனும்!

அவர் வசிப்பது அன்னெசி ஏரியின் பக்கத்திலாம். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் படகில் போவாராம். படகு மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் நீளமாக நரம்பை விட்டு, அதன் நுனியில் பொய்மீனைக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். பொய்மீன் துடித்துத் துடித்து நீந்தி வருவதைக் கண்டு, அடியில் இருக்கும் பெரிய மீன் பாய்ந்து கவ்வும். இதற்குப் பிரெஞ்சு பாஷையில் 'ஆ லா த்ரேன்' என்று பெயராம். மணப்பெண்ணின் அங்கி தரையில் நீளமாக இழுபட்டு வருகிறதே, அதற்கும் அவர்கள் 'த்ரேன்' என்றுதான் சொல்வார்களாம். நாம் நம் சௌகரியத்துக்கு 'இழுவைத் தூண்டில்' என்று வைத்துக்கொண்டோம்.

இது வெள்ளைக்காரர்கள் மாத்திரம் அறிந்த வித்தை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நம் கடற்கரையில் வஞ்சிரத்துக்கும் சூரைக்கும், ஓடுகிற படகின் பின்னே கயிறு விட்டு இழுத்துச் செல்வது பழைய வழக்கம். ஆனால் நல்ல தண்ணீரில், ஏரியில், இதைச் செய்வோர் நம் பக்கத்தில் அபூர்வம். ஏரி என்றால் நமக்கு வலை. அல்லது கரையில் குந்திக்கொண்டு, தக்கை அமிழ்கிறதா என்று தவம் கிடப்பது. இங்கிலாந்தில் ராபர்ட் நாப்ஸ் என்ற பாதிரியார் நன்னீரில் செய்யும் ஒரு வகைத் தூண்டிலைப் பற்றி 1682-லேயே தனியாக ஒரு புஸ்தகம் எழுதிவிட்டார். நம் சென்னை மாகாணத்தில் சிவில் உத்தியோகம் பார்த்த ஹென்றி ஸல்லிவன் தாமஸ் என்பவர், இந்திய நதிகளின் மீன்களைப் பற்றி 1873-லும், ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே 1887-லும் நூல்கள் வெளியிட்டார். உத்தியோகத்துக்கு நடுவே இவ்வளவுக்கும் அவருக்கு எப்படிப் போது கிடைத்தது என்பதுதான் நமக்கு ஆச்சரியம். நமக்கோ விடைத்தாள் திருத்தவே ஞாயிற்றுக்கிழமை போதுவதில்லை.

முதலில், எந்த ஏரி என்ற கேள்வி எழுந்தது. புதுச்சேரிப் பிரதேசத்தில் பெரியது வில்லியனூருக்கு அருகே இருக்கும் ஊசுட்டேரி. ஏறக்குறைய 800 ஹெக்டேர் பரப்பு. பாதி புதுச்சேரிக்கும் பாதி தமிழ்நாட்டுக்கும் சொந்தம். ஆனால் அதன் புதுச்சேரிப் பகுதி 2008-லும் தமிழ்நாட்டுப் பகுதி அதற்குப் பிறகும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. அடைக்கலம் என்று அறிவித்த இடத்தில் போய் முள்ளை இழுப்பது முறையல்ல. அடுத்த பெரிய ஏரி பாகூர். நாம் போதிக்கும் பள்ளிக்கும் அது கூப்பிடு தூரம். மீன்பிடி உரிமை எடுத்திருந்தவர்களிடம் போய்க் கேட்டோம். அவர்கள் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க பிடிச்சு ஏரி காலியாயிடாது, தாராளமாப் போங்க" என்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதில் இருந்த அவமானத்தை நாம் பொருட்படுத்தவில்லை.

பாகூர் ஏரி பழைய ஏரி. பெண்ணையாற்றிலிருந்து அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைப் பற்றி, பங்காரி, சிங்காரி என்ற இரண்டு தாசிகள் தங்கள் பொருளைச் செலவிட்டு வாய்க்கால் வெட்டுவித்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. ஊரும் பழைய ஊர். அதன் பழம் பெயர் வாகூர். 9-ஆம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், இவ்வூரிலிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைத் தானம் விட்ட செய்தி செப்பேட்டில் இருக்கிறது. மூன்று கிராமத்து வருமானத்தில் நடந்த கல்விச்சாலையில் உபாத்தியாயர்களுக்குச் சம்பளம் மாதா மாதம் ஒழுங்காகக் கிடைத்ததா என்பதைப் பற்றி மாத்திரம் செப்பேடு மௌனம் சாதிக்கிறது.

படகும் படகுக்காரரும் கிடைத்தது நம் பாக்கியம். அவருக்கு எழுபது வயதிருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஏரியிலேயே வளர்ந்து, ஏரியிலேயே பிழைத்தவர். இப்போது பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள். சின்ன ஃபைபர் படகு ஒன்றை வைத்துக்கொண்டு, வலை விரிப்பவர்களுக்குக் கூடமாட உதவி செய்து வருகிறார். நாம் மர மீனை எடுத்துக் காட்டியதும் அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

"வாத்தியாரையா, இதுக்கு வயசு என்ன?"

"ஏன், பெரியவரே?"

"கண்ணு இவ்வளவு பெரிசா இருக்கே. இந்தக் கண்ணு இருக்கிற மீனு உசிரோட இருந்தா நம்ம ஏரியில ஒரு நாளு தங்காது. நாலு பக்கமும் பார்த்துப் பார்த்தே பயந்து செத்துடும்."

மார்கழி மழை ஓய்ந்து ஏரி நிரம்பியிருந்த தை மாதம் அது. முதல் ஞாயிறு நாம் புஸ்தகத்தில் படித்ததையெல்லாம் செய்தோம். ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது பொய். பலவும் நடந்தன. முதலில் பித்தளைத் தகட்டைக் கட்டினோம். தண்ணீரில் இழுக்கும்போது அது மினுக்கிக்கொண்டு சுழலும். நரம்புக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சுழல் வளையம் மாட்டவேண்டும் என்றும், இல்லாவிட்டால் தகடு சுற்றச் சுற்ற நரம்பும் முறுக்கேறும் என்றும் மாணவர் சொல்லியிருந்தார். வளையத்தைத் திண்ணையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தோம். அரை மணி நேரத்தில் நம் நரம்பு முழுவதும் இடியாப்பமாகிவிட்டது. அதைப் பிரித்துச் சுற்றி மறுபடி விட்டதும், 'விசுக்'கென்று ஓர் இழுப்பு! கோல் வளைந்தது. ரீல் கிறீச்சிட்டது. நாம் எழுந்தே நின்றுவிட்டோம். படகு ஒருபக்கம் சாய்ந்தது.

"உட்காருங்க, ஐயா! அது மீனில்லை, கருவேல மரம்!"

கோடையில் ஏரி வறண்டிருந்தபோது வெட்டிய கருவேல மரங்களின் அடிக்கட்டைகள் தண்ணீருக்குள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று நம் தகட்டைக் கவ்விக்கொண்டது. இழுத்தோம்; நரம்பு அறுந்தது. அன்னெசி ஏரியிலிருந்து கடல் கடந்து வந்த பித்தளை, பாகூர் ஏரியில் கருவேலங் கட்டைக்குக் காதணியாயிற்று.

மிச்சம் இருந்தது மர மீன் ஒன்றுதான். இரண்டாம் ஞாயிறு அதன் தத்துவத்தை ஆராய்ந்தோம். அதன் வாயடியில் உதடுபோல ஒரு சாய்வான தகடு நீட்டிக்கொண்டிருக்கிறது. சும்மா விட்டால் மீன் மிதக்கும். இழுத்தால், எதிர்வரும் தண்ணீர் அந்த உதட்டை அழுத்த, மீன் முக்குளித்துக் கீழே போய் ஆடி ஆடி நீந்தும். சாய்வான முகத்தில் காற்று மோதிப் பட்டம் மேலே ஏறுகிறதல்லவா? இது தலைகீழான பட்டம். சர்வகலாசாலையில் வாங்கிய பட்டம் உதவாத இடத்தில், சிறுவயதில் மொட்டை மாடியில் விட்ட பட்டம் நமக்குக் கைகொடுத்தது.

விஷயம் விளங்கியதும் சங்கடமும் விளங்கியது. நரம்பை நீளமாக விட்டால்தான் படகின் சத்தத்துக்கு அப்பால் பொய்மீன் போகும், மீன்கள் மிரளமாட்டா. ஆனால் நீளமாக விடவிட அது ஆழமாகவும் போகும். அன்னெசி ஏரிக்கு என்ன, ஆழத்துக்குக் குறைவில்லை. நம் ஏரியிலோ பல இடங்களில் ஆள் ஆழம்தான். கீழே வேலம்பாசி காடாக மண்டிக் கிடக்கிறது. எண்பதடி நரம்பு விட்டு இழுத்தால், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மும்முள்ளில் ஒரு கூடைப் பாசி வந்தது. அன்று நாம் பிடித்த பாசியைக் காயவைத்திருந்தால் ஒரு மாட்டுக்கு மெத்தை போட்டிருக்கலாம்.

பெரியவர் இதையெல்லாம் துடுப்பு வலித்துக்கொண்டே கவனித்திருக்கிறார். திடீரென்று கேட்டார்: "நான் வலிக்கிறதை நிறுத்தினா இது மேலே வருமா?"

"வரும்."

"அப்போ பாசி வர்ற இடத்துல நான் நிறுத்திக்கிறேன். அது மேலே வந்து பாசியைத் தாண்டட்டும். அப்புறம் வலிக்கிறேன்."

இவ்வளவு சுலபமான விஷயம் நமக்குத் தோன்றவில்லை! படகு நின்றாலும் உடனே நின்றுவிடாது. கொஞ்ச தூரம் தானே நகரும். அந்த நகர்ச்சியில் பொய்மீன் மெல்ல எழும்பிப் பாசியின்மேல் தவழ்ந்து வரும். மறுபடி துடுப்பு விழுந்ததும் குபீரென்று கீழே பாயும். ஓடிக் களைத்த குஞ்சு, ஆபத்தைக் கண்டு மறுபடி ஓடுவதுபோல இருக்கும். வேட்டை மீன் பெரும்பாலும் அந்த நொடியில்தான் பாயும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம்.

ஆனால், பாசி வரும் இடம் அவருக்கு எப்படித் தெரியும்? தண்ணீரோ மண்கலங்கல். நாம் எட்டிப் பார்த்தால் நம் மூக்குக் கண்ணாடிதான் தெரிந்தது. இதைக் கேட்டதற்குத்தான் அவர் வாய் திறந்து பேசலானார். கேட்டிராவிட்டால் கடைசிவரை பேசியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறோம்.

"கோடையில இது எல்லாம் தரை, ஐயா. இதுல நாங்க மாடு மேய்ச்சோம். கபடி விளையாடினோம். வண்டல் வெட்டி வண்டி வண்டியா வயலுக்கு அடிச்சோம். இப்போ நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, இதுக்கு நேர் கீழே எங்கப்பா வண்டல் வெட்டின பள்ளம். அந்த ஒத்தப் பனையையும் மதகுக் கல்லையும் ஒரே கோட்டுல பார்த்தா, பள்ளத்தோட விளிம்பு. விளிம்புல விரால் நிக்கும். பள்ளத்துக்குள்ள வாளை கிடக்கும்."

நாம் பிரமித்துப் போனோம். ஏரியின் மேற்பரப்பு நமக்கு ஒரே தகடாகத் தெரிகிறது. அவருக்கோ அது கண்ணாடி. கீழே மேடும் பள்ளமும் வண்டித் தடமும் அப்படியே இருக்கின்றன. படகை அவர் தண்ணீரின்மீது செலுத்தவில்லை, தம் இளம் வயதுத் தரையின்மீது நடத்திக்கொண்டிருந்தார். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், அவர் சொன்ன அடையாளங்களை வைத்து ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் ஏரிக்குப் படம் வரைந்தோம். மூன்றாம் ஞாயிறு அதை அவரிடம் காட்டினோம். ஒரு பள்ளத்தை நாம் தவறான பக்கத்தில் போட்டிருந்ததைச் சுட்டிக்காட்டிவிட்டு, "என் பசங்களுக்கு இது ஒண்ணுமே தெரியாது, ஐயா. அவங்க யாரும் ஏரிக்குள்ள இறங்கினதே இல்லை" என்றார். அதைப் பெருமையாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று நிர்ணயிக்க முடியவில்லை.

எந்த மீனுக்காக இவ்வளவும் என்று நேயர்கள் கேட்கலாம். ஏரியில் அதிகம் இருப்பவை கட்லாவும் ரோகுவும் ஜிலேபிக் கெண்டையும். முதல் இரண்டும் கங்கைப் பிரதேசத்து மீன்கள். குஞ்சாகக் கொண்டுவந்து விடுகிறார்கள். மூன்றாவது ஆப்பிரிக்கா தேசத்தது. 1952-ல் இந்தியாவுக்கு வந்து, அழைக்காத விருந்தாளியாக எல்லாக் குளத்திலும் குடித்தனம் நடத்துகிறது. இவை மூன்றும் இழுவைத் தூண்டிலைத் திரும்பிப் பாராதவை. ஓடுவதைத் துரத்திக் கவ்வும் ஜாதி, வாளையும் விராலுந்தான். அவற்றிலும் விரால் ஒரு தனிப் பிறவி. மீனாய்ப் பிறந்தும் அது காற்றைச் சுவாசிக்கும். சற்றைக்கொரு தரம் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போகாவிட்டால் அதற்கு உயிர் தரிக்காது. ஏரி வற்றினால் சேற்றில் புதைந்து கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். பிள்ளை வளர்ப்பிலோ மனிதர்களுக்குச் சமானம். முட்டையிட்ட நாள் முதல் குஞ்சுகள் பெரிதாகும் வரையில் கூடவே இருந்து காவல் காக்கும். பெரும்பாலும் தகப்பன் மீன்தான் அந்த வேலையைச் செய்கிறதாம். குஞ்சுகள் செக்கச் செவேலென்று கூட்டமாக நீந்தும். மூச்சுவிட அவை ஒன்றாக மேலே வரும்போது, அந்த இடத்தில் மாத்திரம் தூறல் விழுவதுபோலத் தண்ணீர் சிலிர்க்கும்.

மூன்றாம் ஞாயிறும் வெறுங்கையாகவே திரும்பினோம். அன்று ஓர் இடத்தில், நாணல் திட்டு ஒன்றின் ஓரமாக, இந்தத் தூறலைக் கண்டோம். வானம் நிர்மலமாக இருந்தது. பெரியவர் துடுப்பால் சுட்டிக் காட்டினார்.

"குஞ்சு, ஐயா. கீழே பெரிசு நிக்கும். அந்தப் பக்கம் வேண்டாம்."

"ஏன்? அங்கே போட்டால் நிச்சயமாகக் கடிக்குமே?"

"அதனாலதான் வேண்டாம்."

குஞ்சோடு இருக்கும் விரால் எதைக் கண்டாலும் கடிக்குமாம். தவளையைக் கட்டிப் போட்டால் ஒரு நிமிஷம் தாங்காதாம். அப்படிப் பிடிப்பவர்கள் உண்டு. அவரும் இள வயதில் பிடித்திருக்கிறார். "பெரிசை எடுத்தா, சாயந்தரத்துக்குள்ள அத்தனை குஞ்சையும் மத்ததுங்க தின்னுடும். ஒரு மீனுக்கு ஆயிரம் மீனு கணக்கு" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தபோது, கரும்பலகையில் ஒரு பெரிய மீன் வரைந்து அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தது. அழித்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தோம். ஆசிரியர்கள் அறையிலும் விசாரணை ஓயவில்லை. வீட்டில், "மீன்காரம்மாவிடம் சொல்லி ஒன்று வாங்கி வந்து, பிடித்ததாகச் சொல்லிவிடுங்களேன்" என்று யோசனை சொன்னார்கள். இவையெல்லாம் சின்ன விஷயங்கள். ஆனால் மனுஷனுக்குப் புத்தி கெடுவது சின்ன விஷயங்களில்தான் என்பதற்கு நாமே சாட்சி.

நாலாம் ஞாயிறு. பள்ளத்து விளிம்பில் மூன்று தரம் போய் வந்தாயிற்று. வெயில் ஏறிவிட்டது. நாணல் திட்டு நமக்கு இடப்புறம் இருந்தது. பெரியவர் அதிலிருந்து நல்ல தூரம் ஒதுங்கியே படகைச் செலுத்தினார். அப்போதுதான் நம் பௌதிக மூளை வேலை செய்தது. படகு நேராகப் போகும்வரை பொய்மீனும் அதன் தடத்திலேயே வரும். படகு வளைந்து திரும்பினால் அப்படியல்ல. பின்னால் இழுபடுவது உள்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். தெருமுனையில் மாட்டுவண்டி திரும்பும்போது சக்கரம் திண்ணையை உரசுகிறதே, அதே கணக்குத்தான். திட்டைத் தாண்டியதும் படகு இடப்பக்கம் திரும்பினால், படகு தூரத்திலேயே இருக்கும். மர மீன் நாணலை ஒட்டியே வரும்.

"பெரியவரே, இங்கே இடப்பக்கம் திருப்புங்கள், வெயில் முகத்தில் அடிக்கிறது" என்றோம்.

அவர் திருப்பினார்.

நரம்பு மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து நாணலை நோக்கிப் போவதை நாம் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு, கோல் கையை விட்டுப் போய்விடும்போல ஓர் அடி! இந்தத் தடவை அது கருவேலங் கட்டையல்ல. ரீல் கதறியது. நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வலமும் இடமுமாக ஓடியது. நாணல் பக்கம் போகவிடாமல் பெரியவர் படகை ஆழத்துக்கு வலித்தார். ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ, நமக்குத் தெரியாது. கருந்தலையும் பாம்பு உடம்புமாக, இரண்டு கிலோ இருக்கும், விரால் படகோரம் வந்து புரண்டது. பெரியவர் குனிந்து செவுளைப் பிடித்து உள்ளே தூக்கிப் போட்டார். நாம் என்னவோ கூவினோம் என்று நினைக்கிறோம். கரும்பலகையில் நாமே ஒரு மீன் வரைவதாகக்கூட அதற்குள் எண்ணியாயிற்று.

பெரியவர் பேசவில்லை. மீனைப் பார்த்தார். நரம்பு வந்த திசையைப் பார்த்தார். பிறகு நாணல் ஓரத்தைப் பார்த்தார். அங்கே தூறல் கலைந்திருந்தது. சிவப்புத் திட்டு இரண்டு மூன்றாகப் பிரிந்து தத்தளித்தது.

"இது பசிக்குக் கடிச்சதில்லை, ஐயா. கோவத்துல கடிச்சது" என்றார்.

மும்முள்ளில் ஒன்றுதான் தாடையோரத்தில் ஏறியிருந்தது. நோகாமல் அதைக் கழற்றிவிட்டு, ஈரக் கோணியால் மீனை மூடினார். விரால் கரையிலும் நெடுநேரம் சாகாது. கோணிக்குள் அது மூச்சுவிடும் சத்தம் நமக்குக் கேட்டது.

"வீட்டுக்கா, தண்ணிக்கா? நீங்க சொல்லுங்க."

பதில் சொல்ல நமக்கு ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "தண்ணீருக்கே" என்றோம்.

துடுப்பை வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கழியை ஊன்றிப் படகை நாணல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். இரண்டு கைகளிலும் ஏந்தித் தண்ணீருக்குள் பிடித்திருந்தார். மீன் ஒரு கணம் அசையாமல் இருந்தது. பிறகு வாலை ஒரு வீசு வீசிவிட்டுப் போயிற்று. குஞ்சுகள் இருந்த பக்கமல்ல, ஆழத்தின் பக்கம்.

காத்திருந்தோம். பட்டுப்போன கருவேலக் கிளையில் இறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்த நீர்க்காகம் ஒன்று தண்ணீரில் இறங்கி முங்கியது. பெரியவர் கழியால் தண்ணீரை அடித்து அதை ஓட்டினார். அது சற்றுத் தள்ளிப் போய் மறுபடி முங்கியது. அரை மணி நேரம் இப்படியே போயிற்று. சிவப்புத் திட்டுகள் மெல்ல ஒன்றுகூடின. அவற்றின் அடியிலிருந்து 'குபுக்'கென்று ஒரு கொப்புளம் எழும்பி உடைந்தது. ஒரு கருந்தலை தெரிந்ததோ, தெரியவில்லையோ.

"வந்துவிட்டதா, பெரியவரே? அதுதானா?"

"யாரு கண்டா? இது ஜோடியாவும் இருக்கலாம்."

கரைக்குத் திரும்பும் வழியில் நாம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம்: மாட்டுவண்டிச் சக்கரத்தையும், நரம்பு குறுக்கே வெட்டும் கணக்கையும். அவர் கவனமாகக் கேட்டார். நடுவே, "ஓகோ, அதுதான் திரும்பும்போதெல்லாம் உள்ளே போவுதா?" என்று ஒரு கேள்வியும் கேட்டார். எல்லாம் விளங்கிய பிறகு, துடுப்பு வலிப்பதை நிறுத்தாமலே, "அப்போ வெயிலுக்காகத் திருப்பச் சொல்லலை" என்றார்.

"இல்லை" என்றோம்.

மறுநாள் கரும்பலகையில் கேள்விக்குறி இன்னும் பெரிதாக இருந்தது. மீன் பிடித்ததையும் விட்டதையும் பிள்ளைகளிடம் சொன்னோம். நம்பியவர்கள் சிலர், நம்பாதவர்கள் பலர். ஏன் விட்டோம் என்று ஒரு பெண் கேட்டாள், அதையும் சொன்னோம். வெயிலைப் பற்றிச் சொன்னதை மாத்திரம் சொல்லவில்லை. அதை இப்போதுதான் எழுதுகிறோம்.

அடுத்த ஞாயிறு படகில் ஏறியதும், பெரியவர் நம் நோட்டுப் புஸ்தகத்தைக் கேட்டு வாங்கினார். நாணல் திட்டு இருக்கும் இடத்தில் விரலை வைத்து, "இதைச் சுத்தி ஒரு கோடு போடுங்க. நீங்க சொன்னீங்களே, அந்தக் கணக்கையும் சேர்த்துத் தள்ளிப் போடுங்க" என்றார். பேனாவை எடுத்துப் போட்டோம். பிறகு அவர் படகைப் பள்ளத்து விளிம்புக்கு விட்டார்.